சோறும் நடையும் மட்டும் காரணமில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில், கனடாவுக்கு வந்த எங்கள் பெண்களுக்கு ஏன் இவ்வளவு சலரோகமும் (நீரிழிவு) பிறஷரும் என்று கேட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. சோற்றைக் குறையுங்கள், பின்னேரத்தில் நடவுங்கள், தொலைக்காட்சி நாடகம் பார்ப்பதை நிறுத்துங்கள், அதன் சாரம் இவ்வளவுதான். சோற்றைக் குறைக்க வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் அதைப் படித்து முடிக்கிற ஒரு பெண்ணின் மனதில் மிஞ்சுவது ஒரே ஒரு எண்ணம்: எனக்கு வருத்தம் வந்தது என்னுடைய பிழையால்தான். அந்த எண்ணம் அவளைக் குணப்படுத்தாது, இன்னும் கொஞ்சம் கீழே தள்ளும். அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட காரணம் ஒன்று இருக்கிறது: இங்கே வந்த பிறகு சமூகத்தில் தன்னுடைய படி இறங்கிவிட்டது என்ற நினைப்பு. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டொரொன்டோவின் ஸ்காபரோவில் சுகாதாரத் துறையில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறவள். டொக்டருக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் கதைப்பது என் வேலை. வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "நித்திரை வருகுதில்லை", "நெஞ்சு படபடக்குது", "நாரி உளையுது", "கை கால் விறைக்குது", கடைசியாக, எழும்பிப் போகிற நேரத்தில், "ஒரே யோசினையாக் கிடக்கு". டொக்டர் என்ன சாப்பிட்டீர்கள், நடக்கிறீர்களா, தாய் தகப்பனுக்குச் சலரோகம் இருந்ததா என்று கேட்பார். அவருக்குக் கிடைக்கிற நேரம் சில நிமிடங்கள், அதற்குள் அவர் கேட்பது எல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனால் அங்கே என்னவாக இருந்தீர்கள், இங்கே என்னவாக இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் கேட்பேன், வெளியில் காத்திருக்கும்போது, சும்மா கதைக்கிற மாதிரி. அப்போதுதான் தெரியும், மருந்து பொதி செய்கிற தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிற அக்கா யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர் என்று. முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டித் துடைத்துவிடுகிற வேலை செய்கிறவர் ஊரில் ஆஸ்பத்திரி வார்டு ஒன்றையே நடத்திய தாதி. நோயாளிக்கு நடப்பது பிழை என்று அவருக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்கிற இடத்தில் அவர் இல்லை. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வருவார். கோப்பிக் கடையில் நிற்கிறவர் வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கடன் கொடுத்தவர். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன், ஆனால் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை, உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேருக்கு இது சொந்தக் கதை.)

இவர்களில் யாரும் ஊரில் சம்பாதித்ததைவிட இங்கே குறைவாகச் சம்பாதிக்கவில்லை. ஊருக்குக் காசு அனுப்புகிறார்கள், வீடு வாங்கியிருக்கிறார்கள், பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். அப்படியென்றால் அவர்கள் மேலே வந்துவிட்டார்கள் என்றுதானே சொல்ல வேண்டும்? கணக்குப்படி அப்படித்தான். ஆனால் உடம்பு இந்தக் கணக்கை வேறு மாதிரிப் போடுகிறது. இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, இது பல வருடங்களாக ஆராயப்பட்ட விஷயம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவ வளாகத்தில் நான்சி அட்லர் என்ற உளவியலாளர் இருந்தார். அவரும் அவருடைய குழுவும் 2000ஆம் ஆண்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தாளில் 10 படி உள்ள ஏணி ஒன்றை வரைந்து கொடுப்பார்கள். மேல் படியில் நிறையக் காசும் படிப்பும் மதிப்பான வேலையும் உள்ளவர்கள், கீழ்ப் படியில் இவை ஒன்றும் இல்லாதவர்கள். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள், ஒரு குறி போடுங்கள். கேள்வி அவ்வளவுதான். வருமானம் எவ்வளவு, எத்தனை வருடம் படித்தாய் என்பதையும் தனியாகக் கேட்டு அதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், தன்னைக் கீழே வைத்த பெண்களின் உடம்பு வித்தியாசமாக இருந்தது. சும்மா இருக்கும்போதே இதயத் துடிப்பு கூட, படுத்தால் நித்திரை வரக் கூட நேரம், கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது, அதே மன அழுத்தம் திரும்பத் திரும்ப வந்தாலும் கொர்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனின் சுரப்பு அதற்குப் பழகி அடங்குவதில்லை. அந்த முதல் ஆய்வு ஆரோக்கியமான வெள்ளைக்காரப் பெண்கள் 157 பேரிடம்தான் செய்யப்பட்டது. ஆனாலும் அந்தப் பட்டியலை நான் முதல்முதலில் படித்தபோது, இது எங்கள் காத்திருப்பு அறையில் நான் கேட்கிற பட்டியல் அல்லவா என்றுதான் நினைத்தேன். நித்திரை, படபடப்பு, வயிறு.

வயிற்றுக் கொழுப்பு எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள், கனடாவில் பொதுவாகப் பெண்களுக்குச் சொல்கிற எல்லை 88. ஒன்ராறியோவில் குடியேறியவர்களைப் பற்றி 2010இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், தெற்காசியாவிலிருந்து வந்தவர்களுக்குச் சலரோகம் வருகிற வாய்ப்பு நீண்டகாலம் இங்கிருப்பவர்களைவிடக் குறைந்தது 3 மடங்கு என்று கண்டார்கள். இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, சோற்றுக்கும் உண்டு, குளிரில் வெளியில் இறங்காததற்கும் உண்டு. நாள்பட்ட மன அழுத்தத்தில் கொர்டிசோல் கூடினால் அது வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கிறது, இன்சுலின் வேலை செய்வதைக் குழப்புகிறது. ஆக, தான் கீழே விழுந்துவிட்டேன் என்ற நினைப்போடு வருடக்கணக்காக இரவு வேலை செய்கிற பெண்ணுக்கு, பரம்பரையும் சோறும் சேர்ந்து செய்கிற வேலையை இது இன்னும் சுலபமாக்கிக் கொடுக்கிறது. உங்கள் கட்டுரை எழுதியவர் இந்த ஒரு வசனத்தையாவது சேர்த்திருக்கலாம்.

லண்டனில் அரசாங்க ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஆய்வு இன்னொன்று. வைட்ஹோல் ஆய்வு என்பார்கள், மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை, எல்லாருக்கும் நிரந்தர வேலை, எல்லாருக்கும் இலவச வைத்தியம். ஆனாலும் அடிமட்டத்தில் இருந்த கடித சேவகர், வாசல் காவலர் போன்ற ஆண்களின் இறப்பு வீதம் மேல் மட்டத்து அதிகாரிகளைவிட 3 மடங்கு இருந்தது. மேலே உள்ளவர், அதற்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர் என்று ஒவ்வொரு படியிலும் வித்தியாசம். புகைத்தல், கொழுப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் அது ஒரு பகுதியை மட்டுமே விளக்கியது. 1985இல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹோல் ஆய்வில் பெண்களையும் சேர்த்தார்கள், பிறகு இந்த ஏணிக் கேள்வியையும் கேட்டார்கள், அங்கும் ஏணியில் போட்ட குறி உடல்நலத்தோடு சேர்ந்தே போனது.

இங்கே ஒருவர் கேட்கலாம், மனம் சோர்ந்தவள் தன்னைக் கீழேதானே வைப்பாள், அப்படியானால் சோர்வுதானே முதலில் வந்தது, ஏணி எங்கே வந்தது என்று. நியாயமான கேள்வி, ஆய்வு செய்தவர்களே இதைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஓரளவு பதில் தருகிறது பிட்ஸ்பர்க்கில் ஷெல்டன் கோஹன் என்பவர் 2008இல் வெளியிட்ட ஆய்வு. ஆரோக்கியமானவர்கள் 193 பேரிடம் ஏணியைக் காட்டிக் குறி போட வைத்தார்கள், பிறகு அவர்களுடைய மூக்கில் தடிமன் அல்லது காய்ச்சல் கிருமித் துளிகளை விட்டார்கள், தனியே தங்கவைத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் கிருமி கொடுத்தாயிற்று. தன்னைக் கீழே வைத்தவர்களுக்குத்தான் தடிமன் கூடப் பிடித்தது. உண்மையான வருமானமும் படிப்பும் அதை விளக்கவில்லை. அவர்களுடைய குறைந்த நித்திரை ஒரு பகுதியை விளக்கியது. மூக்கால் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு ஒருவருடைய முறைப்பாட்டை நம்ப வேண்டியதில்லை, பாவித்த கடதாசியை நிறுத்தே பார்க்கலாம்.

இனி எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புலம்பெயர்ந்தவளுக்கு ஒரு ஏணி அல்ல, குறைந்தது மூன்று. இங்குள்ள நாட்டின் ஏணி ஒன்று. எங்கள் ஆட்களுக்குள்ளே ஒன்று. ஊரில் விட்டுவிட்டு வந்தது ஒன்று, அதில் தான் நின்ற படி இன்னும் நினைவில் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் அவள் நித்திரையில்லாமல் கிடக்கிறாள். அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்களை வைத்து 2008இல் வந்த ஒரு ஆய்வு எனக்கு மறக்க முடியாதது. ஏணியில் தன்னை எங்கே வைக்கிறார்கள் என்பதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு, 25 வயதிலும் அதற்குப் பிறகும் குடியேறியவர்களிடம்தான் காணப்பட்டது. சின்ன வயதில் வந்தவர்களிடம் காணப்படவில்லை. காரணம் யோசித்துப் பார்த்தால் விளங்கும். சின்னதில் வந்தவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முந்திய படி இல்லை. 25க்குப் பிறகு வருகிறவள் படித்து முடித்து, வேலை எடுத்து, ஆட்களிடம் மதிப்பு வாங்கி, ஒரு ஆளாகிவிட்ட பிறகு வருகிறாள். 2009இல் வந்த இன்னொரு ஆய்வு லத்தீன் அமெரிக்க, ஆசியக் குடிவரவாளர்களிடம், ஊரில் இருந்திருந்தால் எந்தப் படியில் இருந்திருப்பீர்கள் என்றும் கேட்டது. பல படி இறங்கியதாகச் சொன்னவர்களுக்குப் பெரிய மனச்சோர்வு நோய் வந்திருந்த வாய்ப்பு கூடவாக இருந்தது.

கனடாவுக்கு வருகிறவர்கள் வரும்போது இங்கு பிறந்தவர்களைவிட ஆரோக்கியமாகவே வருகிறார்கள், வைத்தியப் பரிசோதனையில் தேறித்தானே உள்ளே விடுகிறார்கள். வருடங்கள் போகப் போக அந்த வித்தியாசம் தேய்ந்துபோகிறது. இது நன்றாக அறியப்பட்ட விஷயம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், இங்குள்ள சாப்பாட்டுக்குப் பழகிவிட்டார்கள் என்பது. எங்கள் அம்மாமார் எந்த நாட்டுச் சாப்பாட்டுக்குப் பழகினார்கள் என்று கேட்கிறேன். இன்றைக்கும் புட்டும் இடியப்பமும்தானே.

யாழ்ப்பாணப் பெண்ணுக்கு இதில் ஒரு தனிக் கனம் உண்டு, அதை வெளியாட்கள் எழுதுகிற ஆய்வுகளில் நான் காணவில்லை. எங்கள் ஊர்களில் தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டப்படி சீதனமாக வந்த காணியும் வீடும் பெண்ணுடைய பெயரில். விற்கிறதென்றால் புருசனுடைய சம்மதம் வேண்டும் என்பது உண்மை, அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அது அவளுடைய வளவு. கலியாணம் முடித்து வருகிறவர் மாப்பிள்ளை, அவர்தான் அவளுடைய வீட்டுக்கு வருவார். தாய் அடுத்த வளவில், தமக்கை பின்வளவில். சண்டை வந்தால் வெளியே போக வேண்டியவள் அவள் இல்லை. இங்கே என்ன நடந்தது? வந்து இறங்கியது புருசனுடைய நிலக்கீழ் அறைக்கு. ஸ்பொன்சர் அவருடைய கையில், வங்கிக் கணக்கு அவருடைய பெயரில், மொழி அவருக்குத் தெரியும், கார் அவர் ஓடுவார். 2012 ஒக்டோபரிலிருந்து 2017 ஏப்ரல் வரைக்கும் சட்டமே அப்படி இருந்தது: புதிதாகக் கலியாணம் முடித்து, பிள்ளை இல்லாமல் ஸ்பொன்சரில் வருகிற பெண் 2 வருடம் அவரோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் அவளுடைய நிரந்தர வதிவிடம் நிலைக்கும். துன்புறுத்தப்படுகிறவர்களுக்கு விதிவிலக்கு இருந்தது, ஆனால் அதை நிரூபிக்க ஒரு புதுப்பெண்ணுக்கு எந்த மொழியில் யாரிடம் போகத் தெரியும்? அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அந்த வருடங்களில் வந்த பெண்கள் இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள், எங்கள் சலரோக வகுப்புகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

அம்மம்மாமாரின் நிலை இதைவிட மோசம். 2014இலிருந்து பெற்றோரை ஸ்பொன்சர் செய்கிறவர்கள் (கியூபெக்கைத் தவிர) 20 வருடத்துக்கு அவர்களுடைய செலவைத் தாங்குவோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். முதியோர் ஓய்வூதியம் கிடைக்கக் குறைந்தது 10 வருடம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பெற்றோர் நீண்டகாலம் தங்கிப் போக வருகிற சூப்பர் விசாவில் வருகிறவர்களுக்கு ஒன்ராறியோவின் வைத்தியக் காப்புறுதியே இல்லை, பிள்ளை தனியார் காப்புறுதி வாங்கினால் உண்டு. இதை அந்த அம்மாவின் இடத்திலிருந்து பாருங்கள். ஊரில் வளவு, கிணறு, ஓய்வூதியம், கோயிலில் உபயம், யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முதலில் கேட்பது இவரைத்தான். இங்கே மகளின் வீட்டில் பிள்ளை பார்க்கிறார், சமைக்கிறார், பஸ்ஸுக்குக் காசு கேட்க வேண்டும், கோயிலுக்குப் போக யாராவது ஏற்றிப் போக வேண்டும். காப்புறுதிச் செலவு மகளுக்கு வரும் என்று நெஞ்சு நோவை மறைத்து வைத்த அம்மாவை எனக்குத் தெரியும். மருமகன் நல்லவர், மகள் நல்லவள், ஒருவரும் ஒரு கடும் சொல் சொல்லவில்லை. அதுவே சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், யாரையும் குறைசொல்லவும் வழியில்லை, அப்போது வாயில் வருவது நாரி உளைவு மட்டும்தான்.

இப்போது எங்களுக்குள்ளே இருக்கிற ஏணி. அட்லரின் குழு பிறகு இரண்டாவது ஏணியையும் செய்தார்கள், உங்களுடைய சொந்தச் சமூகத்தில் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று. நாட்டு ஏணியில் கீழே நிற்கிற ஒருத்தியை அவளுடைய சொந்தச் சனம் மேலே தூக்கி வைக்கலாம். கோயிலில், பள்ளிக்கூடத்தில், ஊர்ச் சங்கத்தில் அவளுக்கு ஒரு இடம் இருந்தால் வெளியில் வாங்குகிற அடியில் பாதி குறையும். நாங்கள் அதைச் செய்கிறோமா? சில இடங்களில் செய்கிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் படிப்பிக்கிற பழைய ஆசிரியைகளைப் பாருங்கள். வாரம் முழுவதும் தொழிற்சாலையில் நின்றவர், சனிக்கிழமை காலையில் சேலை உடுத்து, பிள்ளைகள் "ரீச்சர்" என்று கூப்பிட, வேறு ஒரு ஆளாகவே நிற்பார். சம்பளம் பெரிதாக இல்லை. அந்த வகுப்பு தொடங்கிய பிறகு நித்திரை மாத்திரையைக் குறைத்த ஒருவரை நான் நேரில் பார்த்தேன். ஒருவரை வைத்து விதி எழுத முடியாது, தெரியும். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளை எல்லாம் படித்த பிறகு எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை.

பல இடங்களில் நாங்கள் இதற்கு எதிர்மாறாகச் செய்கிறோம். மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், குதிரை வண்டி, மாலைக்கு மேல் மாலை, வீடியோவுக்கு மட்டும் ஒரு மாதச் சம்பளம். அந்தச் செலவுக்காக இரண்டாவது வேலைக்குப் போன தாய்மாரை எனக்குத் தெரியும், இரவு வேலையும் பகல் வேலையும் செய்து சடங்கில் பட்டுச்சேலையோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. நாட்டு ஏணியில் ஏறவே விடாத இடத்தில், எங்கள் ஏணியிலாவது ஒரு படி ஏறலாம் என்றுதான் அந்தச் செலவு. ஆனால் அதற்கு அவர்கள் கொடுக்கிற விலை நித்திரையும் இரத்தச் சீனியும். அப்புறம், எண்பதுகளில் வந்தவர்கள், தொண்ணூறுகளில் வந்தவர்கள், 2009க்குப் பிறகு வந்தவர்கள் என்ற பிரிப்பு. அகதிகளாகக் கப்பலில் வந்தவர்களை "கப்பலில் வந்தவர்கள்" என்று சொல்கிற தொனி. எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று சுற்றி வளைத்துச் சாதியைத் தேடுகிற கேள்வி. "இன்னும் அந்த வேலைதானோ?" என்று மண்டபத்தில் பத்துப் பேருக்கு முன்னால் கேட்கிற கேள்வி. போர் நடந்த நிலத்திலிருந்து, முகாமிலிருந்து, காணாமல் போன பிள்ளையைத் தேடிக்கொண்டே வந்த ஒரு பெண்ணிடம் இதையெல்லாம் கேட்கிறோம். அவளுடைய பிறஷர் ஏன் கூடுகிறது என்று பிறகு உப்பைச் சந்தேகிக்கிறோம்.

இதை எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. மனதில்தானே படி இருக்கிறது, மனதை மாற்றினால் போதும், நன்றியோடு இரு, யோகா செய் என்று யாராவது இதைத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. அந்தப் பெண்கள் தங்களைக் கீழே வைத்தது கற்பனையால் அல்ல, உண்மையிலேயே கீழே வைக்கப்பட்டதால். "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று ஒவ்வொரு நேர்முகத்திலும் கேட்டு அனுப்பியவர்கள் அவர்களைக் கீழே வைத்தார்கள். அப்படிக் கேட்பது பாகுபாடு என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே கொள்கை வெளியிட்டது. 2021இல் வந்த சட்டம் பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர் போன்ற துறைகளின் அனுமதிப் பத்திரத்துக்கு அப்படிக் கேட்பதைத் தடுக்க வழி செய்தது. வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பதற்கான தடை 2026 ஜனவரியிலிருந்து. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முப்பது வயதோடு வந்த கணித ஆசிரியைக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தச் சட்டம் அவருக்கு எட்டவில்லை. எங்களுடைய பெண்கள் மட்டுமில்லை, பிலிப்பைன்ஸிலிருந்து தாதிப் படிப்போடு வந்து அடுத்தவர் வீட்டில் தங்கிப் பிள்ளை பார்த்த பெண்களும் இதே பாதையால்தான் போனார்கள், காத்திருப்பு அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், பாஷை மட்டும்தான் வேறு.

உங்களிடம் கேட்க நினைத்தவை சில. முதலாவது உங்கள் பத்திரிகையையே சேர்ந்தது. உங்கள் மரண அறிவித்தல் பக்கத்தை ஒவ்வொரு வாரமும் படிக்கிறேன். "ஓய்வுபெற்ற ஆசிரியை", "முன்னாள் தலைமைத் தாதி" என்று போட்டிருக்கும். இருபது முப்பது வருடம் இங்கே வாழ்ந்தவர், இங்கே அவரை அந்தப் பெயரால் ஒருவரும் கூப்பிடவில்லை, செத்த பிறகுதான் அவருக்கு அந்தப் படி திரும்பக் கிடைக்கிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போது அவர்களைப் பற்றி எழுதுங்கள். மண்டபத்தில் பொன்னாடை வாங்குகிற வர்த்தகர்களுக்கு ஒதுக்குகிற பக்கத்தில் பாதி போதும். முதியோர் இல்லத்தில் இரவில் நிற்கிற பெண் என்ன வேலை செய்கிறாள், அதற்கு எவ்வளவு அறிவு வேண்டும் என்று எழுதுங்கள். 2020இல் கொரோனா அந்த இல்லங்களுக்குள் புகுந்தபோது வேலைக்குப் போவதை நிறுத்தாதவர்கள் அவர்கள்.

இரண்டாவது எங்கள் குடும்ப வைத்தியர்களுக்கு, அவர்களில் பலர் உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்கள், விளம்பரமும் தருபவர்கள். ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இங்கே வர முந்தி நீங்கள் என்ன செய்தனீங்கள்?" ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கேள்விக்குப் பிறகு பெண்கள் கதைக்கிற விதமே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன், அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர் கதிரையில் நிமிர்ந்து இருப்பார். தயவுசெய்து பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னுடைய மகனுக்கு முன்னால் ஒரு தாய் தான் நித்திரையில்லாமல் அழுகிறேன் என்று சொல்ல மாட்டாள், சொன்னாலும் அவன் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல மாட்டான். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு எடுக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, நோயாளியும் கேட்கலாம், வெட்கப்படத் தேவையில்லை.

மூன்றாவது ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும். வருடாந்த இராப்போசனத்துக்குச் சேர்க்கிற காசில் கொஞ்சத்தை, தாதியாகவோ ஆசிரியையாகவோ திரும்பி வேலைக்குப் போக முயற்சிக்கிற ஒரு பெண்ணின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கொடுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற மாதங்களில் அவளுடைய பிள்ளைகளைப் பார்க்க ஆள் ஒழுங்கு செய்யுங்கள், பெரும்பாலும் அதுதான் இல்லாமல் போகிறது, படிப்பு அல்ல. ஊரில் எங்களைப் படிப்பித்த ரீச்சர் இங்கே எந்தக் கட்டிடத்தில் எத்தனையாம் மாடியில் தனியாக இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். சங்கத்தின் செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள், வடை சுடுகிற குழுவை விட்டுவிட்டு.

அந்த மருத்துவக் கட்டுரையை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். அடுத்த கட்டுரையை அவர் எழுதும்போது, இரவு வேலைக்குப் போகிற, வேலை முடிந்து காலையில் வந்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிவிட்டுப் படுக்கிற ஒரு பெண் எந்தப் பின்னேரத்தில் நடப்பது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அவர் விரும்பினால், எங்கள் வகுப்புக்கு வருகிற பெண்களில் சம்மதிக்கிறவர்களோடு கதைப்பதற்கு நான் ஒழுங்கு செய்து தருவேன். திங்கள், புதன் பின்னேரங்களில் வரலாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி